பூகம்பம் நமக்கு வராது என்று இருந்துவிடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

2025 மார்ச் 28 அன்று மியான்மரில் 7.7 அளவில் பூகம்பம் வந்து மண்டலே நகரம் நொறுங்கியபோது, எங்கள் காரைக்குடிப் பக்கம் பலரும் தாத்தா காலத்துப் பர்மா கதைகளைப் பேசினார்கள், அப்புறம் "நல்லவேளை, நமக்கெல்லாம் அது வராது" என்று முடித்துக்கொண்டார்கள். இது பாதிதான் சரி. அங்கே சகாயிங் பிளவு என்ற நீண்ட நில வெடிப்பு நெடுக நிலத்தட்டுகள், அதாவது பூமியின் மேலோட்டிலுள்ள பெரும் பாறைத் துண்டுகள், உரசிக்கொண்டு நகர்கின்றன, நாம் அப்படிப்பட்ட ஓரத்தில் இல்லை. ஆனால் இந்தியத் தட்டு வருடத்துக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடக்கே போய் ஆசியாவை முட்டுகிறது, அந்த அழுத்தம் இமயமலையோடு நின்றுவிடுவதில்லை. தட்டின் ஓரத்திலிருந்து வெகுதூரம் தள்ளியிருக்கும் மகாராஷ்டிராவின் கில்லாரியில் 1993 செப்டம்பர் 30 விடியற்காலை வந்தது 6.2 அளவுதான், கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய கனத்த சுவர்கள் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சரிந்து ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள்.

அந்தக் கனத்த சுவர்தான் எனக்குக் கவலை. எங்கள் ஊர்களில் பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பாருங்கள்: முகப்புக்கு மேலே கைப்பிடிச்சுவரில் அரசங்கன்று வேர்விட்டுக் காரைப்பூச்சு பிளந்திருக்கிறது, கஜலட்சுமி சுதைச் சிற்பம் தெருப்பக்கம் சாய்ந்து நிற்கிறது, கீழே பள்ளிப் பிள்ளைகள் நடக்கிறார்கள். பூகம்பம் கூட வேண்டாம், ஒரு ஐப்பசி அடைமழை போதும். அடுத்த மழைக்காலத்துக்குள் பொறியாளர்களை அனுப்பி, தெருவோரம் சாய்ந்திருக்கும் சுவர்களையாவது சோதிக்க வேண்டும், வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்காரர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், காரைக்குடி