பழைய வீட்டோட ரூம் சேத்துக் கட்டித் தர்றவங்களுக்கு ஒரு திறந்த மடல்

இன்ஜினியர் சார்களுக்கும் காண்ட்ராக்டர் அண்ணன்களுக்கும் மேஸ்திரிகளுக்கும் வணக்கம்.

உங்க வேலைய கொறை சொல்றதுக்காக இத எழுதல. எங்க வீட்டுப் பின்பக்கம் ஒரு ரூம் இழுத்துக் கட்டினோம். அம்மாவுக்கு முட்டி வலி, மாடி ஏற முடியல, அதனால கீழயே ஒரு பெட்ரூம், அத ஒட்டி ஒரு பாத்ரூம்னு முடிவு பண்ணோம். கட்டி முடிச்சு ஒரு வருஷம் ஆச்சு, அந்த ஒரு வருஷமா மனசுல கெடந்தத இப்ப சொல்லிடறேன்.

எஸ்டிமேட் கேட்டப்போ எங்களுக்குக் கெடச்சது ஒரே ஒரு வரி. இத்தன சதுர அடி, சதுர அடிக்கு இவ்ளோ, பெருக்கினா இவ்ளோ. வேலை முடியும்போது அது ஒன்றரை மடங்கு ஆயிருந்துச்சு. யாரும் ஏமாத்தல. அந்த ஒரு வரிக் கணக்கே பழைய வீட்டோட சேத்துக் கட்டுற வேலைக்குப் பொருந்தாத கணக்கு.

ஏன்னு உங்களுக்கே தெரியும், ஆனா வீட்டுக்காரங்களுக்குத் தெரியாது, அதனால இங்கயே சொல்றேன். முழுசா ஒரு 30க்கு 40 அடி வீடுன்னா 1200 சதுர அடி, சுத்துச் சுவர் 140 அடி. 10க்கு 12 ரூம்னா 120 சதுர அடி, ஒரு 12 அடிப் பக்கம் பழைய சுவர்ல ஒட்டிக்கிட்டாலும் மிச்சம் 32 அடிச் சுவர் எழுப்பியே ஆகணும். அதாவது தரை பத்துல ஒரு பங்காச்சு, சுவரு கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்கு இருக்கு. மிக்சர் மெஷின், தளத்துக்கு முட்டுக் குடுக்கற சென்ட்ரிங் சாமான் எல்லாம் சின்ன வேலையோ பெரிய வேலையோ ஒரு தடவை வந்து போகத்தான் வேணும். முழு வீட்ல பாத்ரூம் செலவு அத்தன சதுர அடிக்கும் பரவிடும், இங்க அந்த பைப்பு, டைல்ஸ், ஃபிட்டிங்ஸ் மொத்தமும் ஒரு துண்டு எடத்து மேல உக்காருது. அப்புறம் எப்படி ரெண்டுக்கும் ஒரே ரேட்டு சரிப்படும்?

ஆனா இதெல்லாம் கூட பரவால்ல, உக்காந்து போட்டா வந்துடுற கணக்குதான். செலவு நெஜமா ஒளிஞ்சிருக்கறது பழசும் புதுசும் சேர்ற எடத்துல. எங்க வீட்ல ரெண்டாம் நாளே கடப்பாரை ஒரு பைப்புல எறங்குச்சு, பழைய டிரைனேஜ் லைன் சரியா நாங்க ரூம் போடற எடத்துக்கு அடியில போயிருக்கு. சேம்பர் மூடி கண்ணுக்கு நேரா இருக்கு, அதத் தூக்கிப் பாத்திருந்தா லைன் எந்தப் பக்கம் போகுதுன்னு அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். அது முடிஞ்சு குழிய ஆழப்படுத்தினா, பழைய அஸ்திவாரம் நாங்க நெனச்சத விட ஒரு அடி மேலயே நின்னுடுச்சு. அதுக்கு அடியில இருந்து மண்ணு பொலபொலன்னு சரியுது, மேல எங்க ஹால் சுவரு நிக்குது, ஜன்னல்ல அம்மா நின்னு பாத்துட்டு இருக்காங்க. மேஸ்திரி ஒரு சத்தம் போட்டாரு, எல்லாரும் வெளிய ஏறிட்டாங்க, எடுத்த மண்ண திரும்ப அணைச்சு வச்சாரு. அப்புறம் மூணு மூணு அடி நீளத் துண்டா மட்டும் தோண்டி, அந்தத் துண்டுக்குக் காங்கிரீட் போட்டு, அது இறுகுன பிறகுதான் அடுத்த துண்டுல கைய வச்சாரு. அவருக்கு நாங்க கடமைப்பட்டிருக்கோம். ஆனா அத்தன நாள் கூலியும் அத்தன காங்கிரீட்டும் அந்த ஒரு வரில எங்கயுமே இல்ல.

மழைக்காலம் வந்ததும் பழைய சுவரும் புது சுவரும் சேர்ற மூலையில மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு வெடிப்பு, நகம் நுழையுற அகலம். பழைய கட்டடம் எறங்க வேண்டியத எல்லாம் எறங்கி முடிச்சிடுச்சு, புதுசு இப்பதான் எறங்க ஆரம்பிக்குது, ரெண்டையும் ஒரே பூச்சா பூசி மறைச்சா அது பிளக்காம என்ன செய்யும். அந்த எடத்துல வேணும்னே ஒரு இடைவெளி விட்டு, வளைஞ்சு கொடுக்கற ஃபில்லர் வச்சு அடைச்சு, மேல ஒரு பட்டை அடிச்சு மூடணும்னு இன்னொரு இன்ஜினியர் பின்னால வந்து சொன்னாரு. ரூஃப் சேர்ற எடத்துலயும் பழைய சுவர்ல காடி வெட்டி வாட்டர்ப்ரூஃபிங்க அதுக்குள்ள ஏத்தி விடணுமாம். ரெண்டும் பெரிய செலவு இல்ல, முதல்லயே எழுதியிருந்தா செஞ்சிருப்போம்.

அதனால உங்ககிட்ட கேக்கறது இதுதான். ரேட்டு சொல்றதுக்கு முன்னாடி வந்து பாருங்க. பழைய சுவர ஒட்டி ரெண்டுக்கு ரெண்டு ஒரு குழி வெட்டி அஸ்திவாரம் எங்க முடியுதுன்னு பாருங்க, சேம்பர் மூடியத் தெறங்க, உள்ள தரை மட்டம் எவ்ளோ, கரண்ட் மீட்டர்ல லோடு தாங்குமா, புது ரூம் வந்தா எந்த ஜன்னல் அடைபட்டு எந்த ரூம் இருட்டாகும்னு பாருங்க. மேல மாடி எடுக்கறதுன்னா தூணும் அஸ்திவாரமும் இன்னொரு மாடி தாங்குமான்னு பாக்காம ரேட்டே சொல்லாதீங்க, மொட்டை மாடியில கம்பி நீட்டிட்டு இருக்குங்கறத மட்டும் நம்பவும் வேணாம், அது பல வருஷம் மழைல நனைஞ்சு துருப்பிடிச்ச கம்பி.

இதுக்குத் தனியா ஃபீஸ் கேளுங்க. எஸ்டிமேட்னா ஃப்ரீயா தரணும்னு எதிர்பாக்கறது எங்க பக்கத்துத் தப்பு, நாங்களும் மூணு பேருகிட்ட கேட்டு கொறைஞ்ச தொகையப் பாத்துத்தான் ஓகே சொன்னோம்.

பாத்த பிறகு ஒவ்வொரு வேலையாப் பிரிச்சு எழுதிக் குடுங்க. 120 சதுர அடிக்கு 5 இன்ச் தளம்னா 50 கன அடி காங்கிரீட், எம் 20ங்கற காங்கிரீட் கலவைன்னா சுமார் 11, 12 மூட்டை சிமெண்ட். கம்பி விட்டத்த மில்லிமீட்டர்ல எடுத்து அதே எண்ணால பெருக்கி 162ஆல வகுத்தா ஒரு மீட்டர் எடை கிலோவுல வந்துடும், 8 எம்எம்னா 395 கிராம். இதெல்லாம் நீங்க நின்ன எடத்துல மனசுல போடற கணக்கு, அதப் பேப்பர்ல போட்டா போதும். எதெல்லாம் இதுல சேராதுன்னும் எழுதுங்க, இடிக்கறது, இடிச்ச குப்பைய அள்ளறது, பழைய பக்கத்துக்குத் திரும்ப பெயிண்ட் அடிக்கறது, இதுலதான் சண்டையே வருது. எதிர்பாக்காததுக்குன்னு பத்துல இருந்து இருபது சதவீதம் வரை தனி வரியா வெளிப்படையாப் போடுங்க, அதப் பாத்து ஓடிப்போறவங்க போகட்டும். எக்ஸ்ட்ரா வேலைன்னா முதல்ல ரேட்டு, ரெண்டு பேரு கையெழுத்து, அப்புறம் வேலை. பணத்தையும் தேதி வச்சு கேக்காம அஸ்திவாரம், ஜன்னல் வாசலுக்கு மேல வர்ற லிண்டல், தளம், பூச்சுன்னு கட்டம் கட்டமா வாங்கிக்கோங்க.

தம்பி வீட்ல மாடி மேல ரெண்டு ரூம் எடுக்கணும்னு பேச்சு ஓடுது. தூண் செக் பண்ற ஃபீஸும் குழி வெட்டுற கூலியும் தனியா எடுத்து வச்சாச்சு, உங்கள்ல யாரு வந்து முதல்ல பாக்கறீங்களோ அவங்ககிட்ட அத முதல்ல குடுத்துட்டுத்தான் மத்த பேச்சு.