வாலிபாலை வட்டாரத்துக்கே திருப்பித் தாருங்கள்

மதிப்பிற்குரிய அமெரிக்கப் பல்கலைக்கழகத் தலைவர்களுக்கும் பல்கலைக்கழக அணிகள் தமக்குள் போட்டியிடும் கூட்டமைப்புகளான கான்ஃபரன்ஸ்களின் ஆணையர்களுக்கும் வணக்கம்.

2022 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழகங்களான யுஎஸ்சியும் யுசிஎல்ஏவும் நாட்டின் நடுப்பகுதியில் வேர்கொண்ட பிக் டென் கான்ஃபரன்ஸில் சேரப்போவதாக அறிவித்ததையும், அடுத்த சில வாரங்களிலேயே அந்தக் கான்ஃபரன்ஸ் 7 ஆண்டுகளுக்கு 700 கோடி டாலர் மதிப்பிலான தொலைக்காட்சி ஒப்பந்தத்தைப் பெற்றதையும், அவை விட்டுச்சென்ற, 1915-இல் பிறந்த மேற்குக் கரையின் பசிபிக் கூட்டமைப்பு (பாக்-12) 2024-இல் இரண்டே உறுப்பினர்களோடு நின்றதையும் உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

என் மகள் மேற்குக் கரைப் பல்கலைக்கழகம் ஒன்றுக்காக வாலிபால் ஆடுகிறாள்; இந்த மாற்றங்களுக்குப் பின் அவளுடைய கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள் கிழக்குக் கரை வரை நீள்கின்றன. சென்ற அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிழக்குக் கரையில் ஆட்டம் முடிந்து, இணைப்பு விமானத்துக்காகக் காத்திருந்த வேளையில் ஒரு படம் அனுப்பினாள்: முழங்காலில் ஐஸ் பை, மடியில் லேப்டாப், திரையில் கரிம வேதியியல், உட்கார்ந்திருப்பது விமான நிலையத் தரையில். விடுதி அறைக்கு வந்து சேர்ந்தபோது மணி அதிகாலை 3:20. இடைத்தேர்வு 8 மணிக்கு. எப்படி எழுதினாய் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

சனிக்கிழமை பகலில் ஃபாக்ஸிலும், பிற்பகலில் சிபிஎஸ்ஸிலும், இரவில் என்பிசியிலும் ஒளிபரப்பாகும் அமெரிக்கக் கால்பந்துக்காகவே அந்தத் தொலைக்காட்சிப் பணம் வருகிறது. கால்பந்து அணி வாரத்துக்கு ஓர் ஆட்டம் ஆடுகிறது. அதுவும் தனி விமானத்தில் போய் வருகிறது. வாரம் இரண்டு ஆட்டம் ஆடும் பிள்ளைகள் ஏன் கால்பந்துக்காக மாற்றி வரைந்த கான்ஃபரன்ஸ் வரைபடத்தின் பின்னால் அலைய வேண்டும்? கால்பந்தை உங்கள் விருப்பப்படி வைத்துக்கொள்ளுங்கள். மற்ற விளையாட்டுகளை வட்டாரத்துக்குத் திருப்பித் தாருங்கள். முடியாத காரியமல்ல. நாட்டர் டேம் பல்கலைக்கழகம் கால்பந்தில் தனித்து நின்றுகொண்டே, மற்றப் பெரும்பாலான விளையாட்டுகளை ஏசிசி எனும் அட்லான்டிக் கரைக் கான்ஃபரன்ஸில் ஆடுவதை நீங்களே ஏற்றுக்கொண்டிருக்கிறீர்கள்.

பிக் டென்னில், பத்து என்ற பெயரில் 18 பல்கலைக்கழகங்கள். அட்லான்டிக் கரை என்ற பெயரில் மேற்குக் கரையின் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும். உங்கள் புவியியல் துறைப் பேராசிரியர்கள் இதை வகுப்பில் எப்படி விளக்குகிறார்களோ! யுசிஎல்ஏ வெளியேறியதால் நேர்ந்த இழப்புக்காக அது பெர்க்லிக்கு ஆண்டுக்கு 1 கோடி டாலர் ஈடு தர வேண்டுமென்று, இரண்டையும் நிர்வகிக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆட்சிக்குழு தீர்மானித்தது. ஒரு பல்கலைக்கழகத்தின் நட்டத்துக்குக் கணக்கிருக்கிறது. அந்தத் திங்கட்கிழமைத் தேர்வுக்குத்தான் இல்லை.

சற்றுக் கடுமையாக எழுதிவிட்டேன், பொறுத்தருள்க. என் வேண்டுகோள் ஒன்றே: கால்பந்து நீங்கலாக மற்ற விளையாட்டுகளின் கான்ஃபரன்ஸ் ஆட்டங்களை வட்டாரத்துக்குள்ளேயே அமைத்துத் தாருங்கள். அடுத்த பருவத்தின் அட்டவணை முடிவாகும் முன்னர் இதைப் பரிசீலிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வீராங்கனையின் தாய்