ஆழ்துளைக் கிணறு (போர்) போடும் முன் மின்தடை ஆய்வு: ஒடுகத்தூர் விவசாயிகளின் கோரிக்கை மனு

அனுப்புநர்
ஒடுகத்தூர் சுற்றுவட்டார விவசாயிகள்,
அணைக்கட்டு வட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
வேலூர் மாவட்டம்.

பொருள்: நிலத்தடி நீர் பார்க்க ஊர்தோறும் மின்தடை ஆய்வு (நிலத்தடி மண்ணும் பாறையும் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்று அளக்கும் ஆய்வு) முகாம் நடத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் பக்கம் மண்ணைத் தாண்டினால் பாறைதான். பாறை சிதைந்த இடத்திலும் வெடிப்பிலும் மட்டுமே தண்ணீர் தங்குகிறது. அதனால் ஒரு வயலில் போர் தண்ணீர் கொடுக்கும், அடுத்த வயலில் புழுதிதான் பறக்கும். அப்படிப் புழுதி பறந்த போருக்காக நகையை அடகு வைத்த குடும்பங்கள் இங்கே நிறைய. இன்னமும் தேங்காயையும் வேப்பங்குச்சியையும் நம்பித்தான் பலர் இடம் குறிக்கிறார்கள்.

அளந்து பார்க்க வழி இருக்கிறது. 1912-லேயே பிரான்சில் இயற்பியலாளர் கொன்ராட் ஷ்லம்பர்ஜர் தரைக்குள் மின்சாரம் செலுத்தி நிலத்தடியை ஆராய்ந்தார். தாதுக்களைத் தேட வளர்ந்த முறை அது. செம்பின் சல்பைடு தாது மின்சாரத்தை எளிதில் கடத்தும், சுற்றியுள்ள பாறை கடத்தாது. தண்ணீர் பார்ப்பதும் அதே கணக்கில்தான். நான்கு கம்பிகளை நேர்கோட்டில் அடித்து, வெளிக்கம்பிகள் இரண்டில் மின்சாரம் விட்டு, உள்கம்பிகளுக்கு இடையே மின்னழுத்தத்தை அளக்கிறார்கள். வெளிக்கம்பிகளைத் தள்ளித் தள்ளி அடித்தால் ஆழத்து விவரம் தெரியும். சிதையாத பாறையின் மின்தடை ஆயிரக்கணக்கான ஓம்-மீட்டர் வரை போகும்; நீர் ஊறிய சிதைந்த பாறையில் அது வெகுவாகக் குறைந்துவிடும்.

வேளாண்மைப் பொறியியல் துறையிடம் இந்தக் கருவி உண்டு. ஆனால் 100 மீட்டர் ஆழம் பார்க்கச் சில நூறு மீட்டர் நீளத்துக்கு ஒயர் இழுக்க வேண்டும். அரை ஏக்கர்காரர் தனியாக விண்ணப்பித்து என்ன செய்வார்? பக்கத்து நிலத்துக்காரர்களும் சேர்ந்தால்தான் முடியும். ஆகவே அறுவடை முடிந்து வயல் காலியாக இருக்கும்போது, ஊராட்சி வழியாக எல்லோரிடமும் சம்மதம் வாங்கி, ஊருக்கு ஒரு முகாம் நடத்த உத்தரவிட வேண்டுகிறோம்.

கருவியோடு நிலவியலாளரும் வர வேண்டும். களிமண்ணும் உப்புநீரும்கூட மின்தடையைக் குறைத்துக் காட்டும். தோல் தொழிற்சாலைக் கழிவின் உப்பு இறங்கிய பாலாற்றங்கரை ஊர்களுக்கு இது இன்னும் முக்கியம். அருகிலுள்ள கிணறுகளின் ஆழத்தையும் நீரின் தன்மையையும் ஒப்பிட்டுப் பார்த்தே முடிவு சொல்ல வேண்டும்.

அப்புறம், அளவீட்டையும் முடிவையும் தமிழில் எழுதி நிலத்துக்காரர் கையில் கொடுக்க வேண்டும். "இங்கே போர் போடாதீர்கள்" என்று எழுதிக் கொடுத்தாலும் சரி, ஒரு குடும்பம் கடனில் விழாமல் தப்பும்.

கோடைக்கு முன் முதல் முகாமை எங்கள் ஊரிலேயே தொடங்கிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒடுகத்தூர் சுற்றுவட்டார விவசாயிகள்