ஒரு முடிச்சும் போடாத சேலைக்கு முடிச்சுச் சுங்குடி விலை

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர் (பெயரும் முகவரியும் ஆர்டர் விவரத்தில் உள்ளன)

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
இணையவழிக் கைவினை ஆடை விற்பனை நிறுவனம்

பொருள்: ‘கையால் முடிச்சிட்ட மதுரைச் சுங்குடி’ என்று சொல்லி அச்சுச் சேலை அனுப்பியது, திரும்பப் பெற மறுத்தது – பணத்தைத் திருப்பித் தரக் கோருதல் தொடர்பாக.

ஐயா / அம்மா,

உங்கள் இணையக் கடையில் ரூ.5,400 கொடுத்து ஒரு கிளிப்பச்சைச் சுங்குடிச் சேலை வாங்கினேன். அந்த விலைக்கு நீங்கள் சொன்ன காரணங்கள் மூன்று. மதுரைப் பெண்கள் ஒவ்வொரு புள்ளியையும் கையால் முடிச்சிட்டது, முழுக்க இயற்கைச் சாயம், புவிசார் குறியீடு (ஓர் ஊருக்கே உரிய பொருள் என்ற பதிவு) பெற்றது. வந்து சேர்ந்த சேலையில் முதல் இரண்டில் ஒன்றுகூட இல்லை. மூன்றாவதை நிரூபிக்கும்படி கேட்டேன், இன்றுவரை பதில் இல்லை. உங்கள் வாடிக்கையாளர் சேவையோடு பேசிப் பயனில்லை என்று ஆனதால் நேரடியாக உங்களுக்கே எழுதுகிறேன்.

நான் இதை வெறுமனே உடுத்த மட்டும் வாங்கவில்லை. எங்கள் பகுதியில் துணிக் கைவேலை செய்கிற பெண்கள் சிலர் சேர்ந்து ஒரு சிறிய குழு வைத்திருக்கிறோம். ஒருவர் குரோஷா போடுவார், ஒருவர் ஆரி என்ற கொக்கி ஊசிப் பூவேலை, இன்னொருவர் பழைய சேலைகளை வெட்டி மேலங்கி தைப்பார். நாங்கள் செய்ததை நாங்களே உடுத்திக்கொண்டு நிற்பதுதான் எங்கள் கண்காட்சி. இந்த வருடம் முடிச்சுச் சாயம் கற்றுக்கொள்ளலாம் என்று முடிவானது. அதற்கு மாதிரியாக நல்ல சேலை ஒன்று வேண்டும். நான் மதுரையில் திருமலை நாயக்கர் மகாலுக்குப் பக்கத்துத் தெருவில் வளர்ந்தவள். மத்தியான வேளையில் அக்கம்பக்கத்து சௌராஷ்டிர வீடுகளில் பெண்கள் பேசிக்கொண்டே முடிச்சுப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் சேலை தேர்ந்தெடுக்கும் வேலை என்னிடம் வந்தது.

முடிச்சுச் சுங்குடி எப்படி இருக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியிருப்பதே வேடிக்கைதான். இருந்தாலும் உங்கள் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்காகச் சொல்கிறேன். கஞ்சி போக அலசிய பருத்தித் துணியில் ஒரு துளி இடத்தை விரலால் கிள்ளிப் பிடித்து, நூலை இறுக்கமாகச் சில சுற்று சுற்றுவார்கள். நூலை அறுக்காமல் அப்படியே அடுத்த புள்ளிக்குப் போவார்கள். நெருக்கமான வேலையானால் ஒரு சேலையில் முடிச்சுகள் பத்தாயிரத்தைத் தாண்டும். அப்புறம்தான் துணியைச் சாயத்தில் முக்குவது. நூல் சுற்றிய இடத்தில் சாயம் ஏறாது, கிள்ளிய நுனியில் மட்டும் ஏறிவிடும். அதனால் முடிச்சை அவிழ்த்தால் வெள்ளை வளையம் தெரியும், அதன் நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு நிறப்பொட்டு இருக்கும். அந்த இடத்தில் துணி சற்றே மேடாகச் சுருங்கியும் நிற்கும். இழுத்துவிட்டால் விரியும், விட்டால் மறுபடி கூடும். முழுத் துணியும் சாயத்தில் மூழ்கி எழுவதால் முன்பக்கம், பின்பக்கம் என்ற பேதம் இருக்காது. இரண்டு புள்ளிகள் ஒரே மாதிரி இருக்கவும் வாய்ப்பில்லை. காலையில் போட்ட முடிச்சு சின்னதாகவும் இறுக்கமாகவும் இருக்கும், விரல் ஓய்ந்த பிறகு போட்டது கொஞ்சம் தளர்ந்து பெரிதாகும்.

இனி உங்கள் சேலைக்கு வருகிறேன். புள்ளிகள் அத்தனையும் ஒரே அளவு. நடுவில் பொட்டு எதிலும் இல்லை. துணி இஸ்திரி போட்ட வேட்டிபோல மழமழவென்று கிடக்கிறது, எங்கும் ஒரு சுருக்கத்தைக் காணோம். திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் பச்சை வெளிறிப்போய்ப் புள்ளிகளின் ஓரம் மங்கலாக இருக்கிறது. சாயம் மேலே பூசப்பட்டது, முக்கப்பட்டதல்ல என்பதற்கு இதற்கு மேல் அத்தாட்சி வேண்டியதில்லை.

பெட்டிக்குள் ஒரு சீட்டும் வைத்திருந்தீர்கள். ‘கையால் செய்த பொருளில் சிறு பிசகுகள் இருக்கலாம், அவை குறையல்ல, கலைஞரின் கையொப்பம்’ என்று அதில் அச்சாகியிருக்கிறது. சரி, அந்தக் கையொப்பத்தைத் தேடுவோம் என்று குழுவில் எல்லோருமாகச் சேலையைத் தரையில் விரித்து ஒரு முனையிலிருந்து பார்த்துக்கொண்டே போனோம். கடைசியில் ஒரு பிசகு அகப்பட்டது. ஒரு புள்ளியின் இடது ஓரத்தில் நகம் பட்டதுபோல் சிறிய வெட்டு. அங்கிருந்து அரை மீட்டர் தள்ளி, அதே வரிசையில், அதே இடது ஓரத்தில், அதே வெட்டு. அதற்கு அடுத்த அரை மீட்டரிலும் அதே. முந்தி தொடங்கும் இடம்வரை இப்படியேதான். அது கலைஞரின் கையொப்பம் இல்லை, அச்சுச் சட்டத்தில் இருக்கும் பழுது. ஸ்கிரீன் ஒவ்வொரு முறை துணிமேல் இறங்கும்போதும் அந்தப் பழுதும் கூடவே இறங்கியிருக்கிறது. டேப் வைத்து அளந்து எடுத்த படங்களை இணைத்திருக்கிறேன்.

சாயத்தைப் பற்றி: உங்கள் விவரப் பக்கத்தில் இந்தப் பச்சை வேப்பிலையிலிருந்து எடுத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். இதை எழுதியவர் வேப்பிலையை ஒரு தடவையாவது கொதிக்க வைத்துத் துணியைப் போட்டுப் பார்த்திருக்கலாம். இலையில் இருக்கும் பச்சை துணியில் நிலைக்காது. படிகாரம் ஏற்றிய பருத்தியில் வேப்பிலைச் சாறு தருவது மங்கலான மஞ்சள், மிஞ்சிப்போனால் காக்கியை ஒட்டிய ஒரு நிறம். தாவரச் சாயத்தில் பளிச்சென்ற பச்சை வேண்டுமானால் அவுரியில் நீலம் ஏற்றி, அதன்மேல் மஞ்சள் ஏற்ற வேண்டும். இரண்டு வேலை, இரண்டு செலவு. அப்படிச் செய்தாலும் இந்தக் கிளிப்பச்சை கிடைப்பது கடினம். ரசாயனச் சாயத்தில் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. இன்று சுங்குடிச் சாயப் பட்டறைகளில் பெரும்பாலும் அதுதான் ஓடுகிறது, நன்றாகப் போட்டால் நிறமும் நிற்கும். ஆனால் அதற்கு வேப்பிலை என்று பெயர் வைத்துத் தனியாகக் காசு வாங்கக் கூடாது.

இன்னொன்று. சேலையோடு ஒரு அட்டை வந்தது. அதில் ஒரு பெண்ணின் படம், கீழே ‘உங்கள் சேலைக்கு முடிச்சிட்ட கரங்கள்’ என்ற வரி. படத்தில் அந்தப் பெண் மரச் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் வேலை செய்துகொண்டிருக்கிறார். அது ஆரி. எங்கள் குழுவில் ஆரி போடுகிறவர் பார்த்த மாத்திரத்தில் சிரித்துவிட்டார். முடிச்சுப் போடச் சட்டமும் வேண்டாம், கொக்கியும் வேண்டாம், விரலும் நூலும் போதும். அந்தப் பெண் யார், இந்தச் சேலைக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம், தன் படம் இப்படிப் பயன்படுவது அவருக்குத் தெரியுமா? இதற்கு எனக்குப் பதில் வேண்டும்.

உங்கள் சேவைப் பிரிவு என்ன சொன்னது என்பதையும் எழுதிவிடுகிறேன். முதலில் ‘இது கைவினைப் பொருளுக்கே உரிய இயல்பான மாறுபாடு’ என்றார்கள். மாறுபாடே இல்லை என்பதுதான் என் புகார் என்று விளக்கினேன். அப்புறம் ‘கைவினைப் பொருட்களைத் திரும்பப் பெறுவதில்லை’ என்றார்கள். இது கைவினைப் பொருளே இல்லையே, அந்த விதி எப்படிப் பொருந்தும் என்று கேட்டேன். உடனே அடுத்த ஆர்டரில் பத்து சதவீதத் தள்ளுபடிக்கு ஒரு கூப்பன் வந்தது. உங்களிடம் இன்னொரு சேலை வாங்குவேன் என்று எப்படித்தான் நினைத்தார்களோ.

அச்சுச் சுங்குடியை நான் மட்டம் தட்டவில்லை. மதுரைக் கடைகளிலும் சின்னாளபட்டியிலும் அச்சு வேலையும் மெழுகு வேலையும் செய்த பருத்திச் சேலைகள் வெளிப்படையாக, அதற்குரிய விலையில் கிடைக்கின்றன. என்னிடமே சில இருக்கின்றன, மே மாத வெயிலுக்கு அவற்றை விட்டால் வேறு கதியில்லை. அவை சில நூறு ரூபாய்ச் சேலைகள், விற்பவரும் அச்சு என்றே சொல்லி விற்கிறார். நீங்கள் அதே சேலையின் மேல் முடிச்சுப் போடுகிறவரின் உழைப்பைச் சொல்லி ஐயாயிரம் வாங்குகிறீர்கள். இதில் என் பணம் போனது ஒரு பக்கம். ஒரு சேலைக்கு நாள்கணக்கில் உட்கார்ந்து முடிச்சுப் போடுகிறவர் நியாயமான விலை கேட்டால், ‘இணையத்தில் இதே சேலை அடுக்கடுக்காகக் கிடைக்கிறதே’ என்று வாங்குகிறவர் பேரம் பேசுவார். முடிச்சுப் போடுகிறவரைவிட மலிவாக உங்களால் எத்தனை சேலை வேண்டுமானாலும் அடித்துத் தள்ள முடியும். முடிச்சுப் போடத் தெரிந்தவர்கள் ஏற்கெனவே குறைந்துகொண்டு வருகிறார்கள். அவர்கள் பெயரில் வருகிற வாடிக்கையாளரும் உங்களிடம் வந்துவிட்டால் மிச்சம் இருப்பவர் எதற்காக இதைத் தொடர வேண்டும்?

மதுரைச் சுங்குடி 2005-லேயே புவிசார் குறியீடு பெற்றது. அதற்காக அந்த முத்திரையை யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ள முடியாது, அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு செய்திருக்க வேண்டும். உங்களுக்கோ உங்களுக்குச் சேலை தருகிறவருக்கோ அந்தப் பதிவு இருந்தால் எண்ணைத் தெரிவியுங்கள். திரும்பப் பெறுவதில்லை என்ற உங்கள் விதிக்கும் சட்டத்தில் இடமில்லை. விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் அதைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் சொல்கின்றன. புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்வதும், ஒரு மாதத்துக்குள் தீர்ப்பதும் குறைதீர்ப்பு அலுவலரான உங்கள் பொறுப்பு.

ஆகவே, ரூ.5,400 முழுவதையும் அனுப்புச் செலவோடு என் வங்கிக் கணக்குக்கே திருப்பி அனுப்புங்கள். கூப்பனாக, தள்ளுபடியாக எதுவும் வேண்டாம். சேலையை உங்கள் செலவில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். பணம் வரும்வரை அது என்னிடம் பத்திரமாக இருக்கும், சாட்சிப் பொருளும் அதுதானே. விற்பனைப் பக்கத்திலிருந்து ‘கையால் முடிச்சிட்ட’, ‘இயற்கைச் சாயம்’ என்ற சொற்களை எடுத்துவிட்டு ‘ஸ்கிரீன் பிரிண்ட்’ என்று போடுங்கள். இதே சேலையை வாங்கிய மற்றவர்களுக்கும் உண்மையைத் தெரிவித்து, வேண்டாம் என்பவர்களிடமிருந்து திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். அட்டையில் இருக்கும் பெண்ணைப் பற்றி நான் கேட்டதற்கும் எழுத்தில் பதில் தாருங்கள்.

விதிகள் தரும் ஒரு மாதம்வரை காத்திருப்பேன். அதற்குள் தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். இந்தத் தொகைக்கு அங்கே கட்டணமும் கிடையாது. ஆணையம் கேட்டால், முடிச்சுச் சேலை ஒன்றையும் உங்கள் சேலையையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துக் காட்ட எங்கள் குழுவினர் தயாராக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
(கையொப்பம்)

இணைப்பு: ரசீது நகல், விற்பனைப் பக்கத்தின் படம், சேலையின் முன்பக்க, பின்பக்கப் படங்கள், டேப் வைத்து எடுத்த படங்கள், பெட்டியில் வந்த சீட்டும் அட்டையும் (நகல்), உங்கள் சேவைப் பிரிவின் பதில்கள், பயன்படுத்தாத கூப்பன்.