ஸ்லாப்டன் விவசாயிகளையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப் போரில், 1944 ஜூனில் நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டி கரையில் இறங்கியது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதற்கான ஒத்திகையின்போது, 1944 ஏப்ரல் 28 அதிகாலையில் இங்கிலாந்தின் டெவன் கடற்கரைக்கு அப்பால் ஜெர்மன் டார்பிடோ படகுகள் தாக்கி 700க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் பலியானதை மனம் கனக்க எழுதியிருந்தார் கட்டுரையாளர். ஆனால் அந்தக் கரையில் அப்போது ஏன் ஊர்க்காரர்கள் யாருமே இல்லை என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. அங்கே வாழ்ந்த விவசாயக் குடும்பங்களை விட்டுவிட்டு இந்த வரலாற்றைச் சொல்வது நியாயமில்லை.

1943 நவம்பரில் டெவனின் சவுத் ஹாம்ஸ் வட்டார மக்களைக் கூட்டி அரசு விஷயத்தைச் சொன்னது. ஸ்லாப்டன், டார்கிராஸ், ஸ்ட்ரீட், பிளாக்காட்டன், ஈஸ்ட் அலிங்டன் என்று சுற்றுவட்டாரத்தில் சுமார் 30,000 ஏக்கர், 3,000 பேர், 180 பண்ணைகள். டிசம்பர் 20க்குள் எல்லாம் காலியாக வேண்டும். ஸ்லாப்டன் கரை, நார்மண்டியில் அமெரிக்கப் படை இறங்கவிருந்த யூட்டா கடற்கரையைப் போலவே இருந்ததால் ஒத்திகைக்கு அதைத் தேர்ந்ததுதான் காரணம். அந்த ரகசியத்தை ஊராரிடம் சொல்ல முடியுமா?

வீட்டைக் காலி செய்வது வேறு, பண்ணையைக் காலி செய்வது வேறு. கறவை மாட்டுக்கு வேறு தொழுவம் பார்க்க வேண்டும். இடம் மாறினாலும் வேளைக்குப் பால் கறந்தாக வேண்டும். கதிரை அடித்துத் தானியமாக்க வேண்டும். தீவனக் கிழங்கைத் தோண்டி ஏற்ற வேண்டும். ஆடு, கோழி, கலப்பை, ஏணி எதுவும் மிச்சம் இருக்கக்கூடாது. பெட்ரோலுக்கு ரேஷன் இருந்த காலம், மாலையில் சீக்கிரமே இருட்டிவிடும் டிசம்பர் வேறு.

எனக்கு ஆறாத விஷயம் இன்னொன்று. மேய்ச்சல் நிலத்தை உழுது பயிரிடு என்று ஏக்கருக்கு 2 பவுண்டு மானியம் கொடுத்து 1939இல் இதே விவசாயிகளை விரட்டியது அரசுதான். சரியாகப் பயிர் செய்யாதவரிடமிருந்து நிலத்தையே எடுத்துக்கொள்ளும் அதிகாரம் போர்க்கால வேளாண் குழுக்களுக்கு இருந்தது. அந்த நெருக்கடியிலும் உழுது உரம் போட்டுப் பண்படுத்திய மண்ணைத்தான் குண்டு விழட்டும் என்று விட்டுப்போகச் சொன்னார்கள். அதற்கு முந்தைய தலைமுறை மட்டும் தப்பியதா? 1914இல் போர் தொடங்கிய இரண்டே வாரத்துக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை ராணுவம் ஓட்டிக்கொண்டு போனது. ஏர் இழுத்தவையும் அவற்றில் இருந்தன.

1944 இலையுதிர் காலத்திலிருந்து சவுத் ஹாம்ஸ் குடும்பங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பின. வேலிகள் சிதைந்திருந்தன, வயலெங்கும் களை, வீட்டுக்குள் எலி. வெடிக்காத குண்டுகளை அகற்றிய பிறகுதான் ஏர் பூட்ட முடிந்தது. திரும்பாமலே போனவர்களும் உண்டு. அதே 1943 டிசம்பரில் பக்கத்து மாவட்டமான டார்செட்டின் டைன்ஹம் கிராமத்தையும் காலி செய்தார்கள். அங்கிருந்து போன 225 பேரும் போர் முடிந்ததும் வீடு திரும்பலாம் என்றே நம்பினார்கள். 1948இல் ராணுவம் அந்த ஊரை நிரந்தரமாக எடுத்துக்கொண்டது.

ஊரையும் நிலத்தையும் விட்டுக்கொடுத்த மக்களுக்கு நன்றி சொல்லி அமெரிக்க ராணுவம் 1954இல் ஸ்லாப்டன் கரையில் ஒரு கல்தூண் நிறுவியது. அடுத்த ஜூனில் நார்மண்டி பற்றி எழுதும்போது அந்தத் தூணின் படத்தையும் போட்டு, இந்த விவசாயிகளுக்கு ஒரு பக்கமாவது ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம்