அந்தப் பதிலை இன்னும் அனுப்பாதே

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் உன் மேலதிகாரி உன் உழைப்பைத் துச்சமாகப் பேசியதையும், அதற்கு நீ எழுதி வைத்திருக்கும் பதிலையும் படித்தேன். உன் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆயினும், அதை அனுப்புமுன் ரோமானியத் தத்துவ ஞானி செனெக்கா சினத்தைப் பற்றி எழுதியவற்றை நீ அறிய வேண்டும் என்று என் மனம் விரும்புகிறது.

சினத்தைத் தணிக்கும் வழியை எழுதித் தரும்படி அண்ணன் நோவாட்டஸ் கேட்டதற்காகவே அவர் அந்த நூலை மூன்று பாகங்களாக எழுதினார். அதில் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது, சினம் எந்தக் கணத்தில் பிறக்கிறது என்று அவர் பகுத்துக் காட்டும் இடம். குளிர்ந்த நீர் மேலே பட்டால் உடல் சிலிர்க்கிறது. அதை எவராலும் தடுக்க முடியாது. அதுபோல, அவமதிக்கப்பட்டோம் என்று தோன்றியவுடன் நெஞ்சில் எழும் முதல் அதிர்ச்சியும் நம் கையில் இல்லை, அது இன்னும் சினமும் அன்று என்கிறார். ‘எனக்குத் தீங்கு இழைத்துவிட்டார்கள், நான் பழிதீர்க்க வேண்டும்’ என்று நம் அறிவு இசைவு தரும்போதுதான் சினம் பிறக்கிறது. ஆகவே, அன்று கூட்டத்தில் உன் முகம் சிவந்ததற்கு நீ வெட்கப்பட வேண்டியதில்லை. அதன்பின் இரவு முழுவதும் விழித்திருந்து நீ எழுதிய சொற்களைப் பற்றித்தான் நான் பேசுகிறேன்.

சினத்துக்குத் தலைசிறந்த மருந்து தாமதம் என்பது அவர் கருத்து. எடுத்த எடுப்பிலேயே மன்னிக்கும்படி அவர் சினத்திடம் கேட்பதில்லை. தீர ஆராயும்படி மட்டுமே கேட்கிறார். இதை நான் பெரிதும் மதிக்கிறேன், ஏனெனில் புண்பட்டவரிடம் உடனே மன்னித்துவிடு என்று சொல்வதும் ஒரு கொடுமைதான். விருந்தில் மதிப்புக் குறைந்த இடத்தில் அமர்த்தப்பட்டதற்காக விருந்தளித்தவர்மீதே ஒருவர் சினம்கொள்வதையும் அந்த நூல் எடுத்துக்காட்டுகிறது. அலுவலகங்களில் இன்றும் பாதிச் சண்டை அந்த இருக்கைக்காகத்தானே நடக்கிறது!

இரவில் விளக்கை அகற்றி, அவருடைய வழக்கம் அறிந்த மனைவியும் மௌனமான பின், அன்றைய தம் சொல்லையும் செயலையும் செனெக்கா ஒவ்வொன்றாக விசாரிப்பாராம். ‘இன்று அவனை வேண்டிய அளவுக்கு மேல் வெளிப்படையாகக் கண்டித்துவிட்டாய்; அதனால் அவன் திருந்தவில்லை, புண்பட்டான். இனிமேல் நீ சொல்வது உண்மையா என்பதை மட்டும் பாராதே, கேட்பவர் அந்த உண்மையைத் தாங்குவாரா என்பதையும் பார்’ என்று தம்மிடமே சொல்லிக்கொள்வாராம். உன் பதிலில் பொய் ஒன்றுகூட இல்லை, மகளே. ஆனால் அதன் மூன்றாவது பத்தியைப் படிக்கும் எவரும் அதற்கு முன் நீ அடுக்கியுள்ள சான்றுகளை மறந்துவிடுவார்.

இப்படி எழுதியவர் குற்றமற்றவராக வாழ்ந்தார் என்று நான் சொல்லமாட்டேன். பெருஞ்செல்வராகவும் நீரோ மன்னனின் ஆசானாகவும் ஆலோசகராகவும் இருந்தார், கி.பி. 59-இல் நீரோ தன் தாயையே கொல்வித்தபோது, அதை நியாயப்படுத்திச் செனட் சபைக்குச் சென்ற கடிதம் இவர் எழுதியது என்று வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் பதிவு செய்கிறார். 65-இல் அதே நீரோவின் ஆணையால் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய வாழ்க்கையை நான் உனக்கு முன்மாதிரியாகக் காட்டவில்லை. ஆனால் கட்டற்ற அதிகாரத்தின் சினத்தை இத்தனை அருகிலிருந்து பார்த்தவரின் சொல்லை எளிதில் தள்ளிவிட முடியாது.

வரும் திங்கட்கிழமை வரை அந்தப் பதிலை அப்படியே வைத்திரு. பிறகு எடுத்துப் படித்து, உன் பணிக்கான சான்றுகளை ஒரு வரிகூடக் குறைக்காமல் வைத்துக்கொண்டு, அவருடைய குணத்தைப் பற்றி எழுதியதை மட்டும் நீக்கிப் பார். மாற்றியதை எனக்கும் அனுப்பு; அனுப்பலாமா என்ற முடிவு உன்னுடையதுதான்.

அன்புடன்,
அம்மா