கென் ஆடும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்ற சண்டை வீடியோ கேமில் கென் என்ற பாத்திரத்தை வைத்து ஆடி நீ அனுப்பிய ரீப்ளேக்களை, அசைவுகளை ஃப்ரேம் ஃப்ரேமாகக் காட்டும் ஃப்ரேம் மீட்டரைப் போட்டு நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பிளாட்டினம் தரத்திலேயே சிக்கிக்கொண்டேன், அடுத்த தரமான டயமண்டுக்குப் போக இன்னும் நீளமான காம்போ (தொடர் அடி) சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டிருந்தாய். காம்போ உனக்குப் போதுமான அளவு இருக்கிறது. மூலையில் கிடைத்த அடியை நீ வீணாக்கவே இல்லை. உன் கையை விட்டு ஆட்டம் நழுவுவது இரண்டு இடங்களில்: சிறப்பு அசைவுகளுக்குச் செலவாகும் டிரைவ் கேஜைச் செலவழிக்கும்போது, கீழே விழுந்து எழும்போது. அதனால் இந்தக் கடிதத்தில் காம்போ எதுவும் இல்லை.

முதலில் கேஜ். ஒவ்வொரு சுற்றும் 6 கட்டத்தோடு தொடங்குகிறது. கென்னின் குனிந்த மீடியம் கிக்கை அடித்து, அது முடியும் முன்பே வெட்டி, முன்னே பாயும் டிரைவ் ரஷுக்கு மாறுவது, அதாவது கேன்சல் செய்வது, உனக்குப் பழகிவிட்டது. அந்த கேன்சலின் விலை 3 கட்டம். உதை காற்றில் போனால் ரஷ் வராது, நஷ்டமும் இல்லை. ஆனால் எதிராளி தடுத்துவிட்டால் ரஷ் வந்துவிடும், 3 கட்டமும் போய்விடும். முதல் 15 வினாடிக்குள் இதை இரண்டு முறை செய்துவிட்டு, கேஜ் காலியாகி பர்ன்அவுட்டில் நிற்கிறாய். வரும் அடியை வாங்கி முறிக்கும் பாரியிலிருந்து கிளம்பும் ரஷுக்கு ஆகும் செலவு 1 கட்டம்தான். தூரத்திலிருந்து உள்ளே நுழைய அதுவே போதும். 3 கட்ட கேன்சலை, உதை பட்டால் ஆளை மூலைக்குத் தள்ளவோ சுற்றை முடிக்கவோ முடியும் என்ற நிலைக்கு ஒதுக்கி வை.

பர்ன்அவுட் வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதையும் முழுதாக மனத்தில் வைத்துக்கொள். கேஜ் முழுக்க நிரம்பும்வரை டிரைவ் சார்ந்த எதுவும் உனக்கு இல்லை. நீ தடுக்கும் ஒவ்வொரு அடியும் வழக்கத்தைவிட 4 ஃப்ரேம் கூடுதலாக உன்னைப் பிடித்து வைக்கும். தடுத்தாலும் ஸ்பெஷல் அடிகளால் உயிர் குறையும். முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கும்போது எதிர் அடியைத் தாங்கும் கவசத்தோடு வரும் டிரைவ் இம்பாக்டைத் தடுத்தால் ஸ்டன், கொஞ்ச நேரம் அசையவே முடியாது. நீ தோற்ற சுற்றுகளில் பாதிக்கு மேல் இந்த ஸ்டனில்தான் முடிந்திருக்கின்றன. பர்ன்அவுட்டில் இருக்கும்போது சுவரிலிருந்து விலகி நிற்பதுதான் முதல் வேலை, அடிப்பது அப்புறம். விலக வழியில்லை என்றால் இம்பாக்டைப் பார்த்ததும் மேலே குதி, அல்லது சூப்பர் ஆர்ட் என்ற பெரிய அடியைப் போட்டு அதன் கவசத்தை உடை. சூப்பர் கேஜ் தனி என்பதால் பர்ன்அவுட் அதைத் தொடாது.

இம்பாக்டுக்குப் பதில் இம்பாக்ட் போட முடியவில்லை, என் ரிஃப்ளெக்ஸ் மெதுவானது என்று எழுதியிருந்தாய். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆட்டம் வினாடிக்கு 60 ஃப்ரேம். இம்பாக்ட் வந்து படுவதற்கு 26 ஃப்ரேம், அதாவது 0.43 வினாடி. கண்ணால் பார்த்து விரல் அசைவதற்குச் சாதாரண ஆளுக்குக் கால் வினாடி, சுமார் 15 ஃப்ரேம். உன் இம்பாக்டின் கவசம் முதல் ஃப்ரேமிலேயே வந்துவிடுவதால், மீதி 11 ஃப்ரேமில் பட்டன் தாமதம், நெட் தாமதம் போனாலும் இடம் இருக்கிறது. பிறகு ஏன் சிக்குகிறாய்? அந்த நேரத்தில் நீ ஏற்கெனவே ஒரு பட்டனை அழுத்தி முடித்திருக்கிறாய். நடுத்தூரத்தில் நீ அதிகம் போடுவது காலை வாரும் ஹெவி கிக். அதை எதற்கும் கேன்சல் செய்ய முடியாது, கால் திரும்பி வரும்வரை நீ சிலை. குனிந்த மீடியம் கிக் அப்படியில்லை. அது எதிராளியின் கவசத்தில் பட்டாலும் அங்கிருந்தே உன் இம்பாக்டுக்கு கேன்சல் செய்யலாம். ஆகவே எதிராளியிடம் கேஜ் இருந்து, நீ சுவர்ப்பக்கம் நிற்கும்போது கேன்சல் ஆகும் பட்டனை மட்டும் போடு. இந்த ஒரு மாற்றம் ஒரே வாரத்தில் பலன் தரும்.

இனி விழுந்து எழுவது. இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் இந்த ஆட்டத்தின் உயிரே இங்கே இருக்கிறது.

மூலையில் நீ விழுந்துகிடக்கிறாய். எதிராளி பக்கத்தில் நிற்கிறான். நீ எழும் முதல் ஃப்ரேமிலேயே உன்மேல் படும்படி அவன் ஓர் அடி போடலாம், அல்லது த்ரோ (பிடித்து எறிவது, தடுப்பால் நிற்காது) போடலாம், அல்லது இரண்டும் போடாமல் ஓரடி பின்னால் நகர்ந்து காத்திருக்கலாம். உன் ரீப்ளேக்களில் நீ செய்வது கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றுதான்: ஓவர்டிரைவ் ஷோர்யுகென், மேலே பாய்ந்து குத்தும் அடியின் பலமான வடிவம். 2 கட்டம் செலவு. பட்டால் தப்பித்தாய். தடுக்கப்பட்டால் நீ தரை தொடும்வரை அவன் நிதானமாகத் தன் பெரிய காம்போவைத் தயார் செய்கிறான், அதுவும் தவறைத் தண்டிக்கும்போது கூடும் பனிஷ் கவுன்ட்டர் சேதத்தோடு. இரண்டாவது சுற்றிலேயே எல்லோரும் உன்னைப் படித்துவிடுகிறார்கள்.

இதோ வேறு வழிகள். சும்மா குனிந்து தடுத்தால் அடியிலிருந்து தப்பிப்பாய், த்ரோவில் மாட்டுவாய். பின்பக்கம் குதித்தால் த்ரோ தவறும், அடி படும். லைட் பஞ்ச் 4 ஃப்ரேம், த்ரோ 5 ஃப்ரேம் என்பதால் பஞ்ச் முந்தும் என்று நினைக்கிறாய். அவன் நேரம் பார்த்துப் போட்ட த்ரோ நீ எழும்போதே செயலில் இருக்கும், உன் 4 ஃப்ரேமுக்கு அவகாசமே கிடைக்காது. பாரி அடியை வாங்கிக்கொள்ளும், ஆனால் பாரியில் நிற்பவனைத் த்ரோ போட்டால் சேதம் கூடும்.

இதற்கெல்லாம் நடுவில் நீ முதலில் கற்க வேண்டியது தாமதித்து உடைப்பது, அதாவது கொஞ்சம் பிந்தி அழுத்தி த்ரோவை முறிப்பது. குனிந்து தடுத்தபடியே இரு. அவனுடைய அடி உன்னைத் தொடவேண்டிய நொடி தாண்டியதும், ஒரு துளி பிந்தி, லைட் பஞ்சையும் லைட் கிக்கையும் சேர்த்து அழுத்து (த்ரோ போடுவதும் இதே அழுத்தம்தான்). அடி வந்திருந்தால் நீ தடுப்பில் இருப்பாய், அந்த அழுத்தம் வெளியே வராது. த்ரோ வந்திருந்தால் உடையும். சீக்கிரம் அழுத்தினால் அடியில் மாட்டுவாய், ரொம்பப் பிந்தினால் த்ரோ முடிந்திருக்கும். அந்த இடைவெளியைக் காதால் பிடிப்பது சிலருக்குச் சுலபம், தடுப்புச் சத்தம் கேட்கவேண்டிய இடத்தை ஒரு தாளம்போல் வைத்துக்கொள். இதை முறியடிக்கவும் அவனுக்கு வழி உண்டு. அவன் ஓரடி பின்வாங்கினால் உன் த்ரோ காற்றில் போகும், அவன் தண்டிப்பான். ஷிம்மி என்பது இதுதான்.

அதனால்தான் சொல்கிறேன், சில த்ரோக்களை வாங்கிக்கொள். கென்னின் உயிர் 10000. சாதாரணத் த்ரோ சுமார் 1200. ஷிம்மியில் மாட்டினால் போவது அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. மூலையில் ஒருமுறை த்ரோ வாங்கினால், இவன் திரும்பவும் அதையே போடுகிற ஆளா, பின்வாங்குகிற ஆளா என்ற தகவல் 1200-க்கு உனக்குக் கிடைக்கிறது. அடுத்த முறை அதை வைத்து முடிவெடு. ஓவர்டிரைவ் ஷோர்யுகென் அப்போதுதான் ஆயுதமாகிறது, அவன் எதிர்பார்க்காத மூன்றாவது, நான்காவது தடவையில்.

இதைப் பயிற்சி அறையில் இப்படி வை. எதிர் பொம்மைக்கு நீ ஆடத் தெரிந்த கென்னையே கொடு. மூன்று பதிவுகள் செய்: நீ எழும்போது படும் குனிந்த மீடியம் பஞ்ச், அதே நேரத்தில் ஒரு த்ரோ, ஓரடி பின்வாங்கி மீடியம் கிக். மூன்றையும் மாற்றி மாற்றித் தற்செயலாக வரும்படி விடு. முதல் நாளில் முதலிரண்டு மட்டும் போதும், மூன்றாவதைச் சேர்த்தால் குழம்புவாய். 15 நிமிடத்துக்கு மேல் தொடர்ச்சியாகச் செய்யாதே, கை தானாக ஓடத் தொடங்கிவிடும், கவனம் போய்விடும். இம்பாக்டுக்கும் தனியாக ஒரு பதிவு வை. அதில் பெரும்பாலும் நடப்பதும் அடிப்பதுமாக இருக்கட்டும், இம்பாக்ட் அரிதாக வரட்டும். அடிக்கடி வந்தால் நீ அதற்காகவே காத்திருப்பாய், அது நிஜ ஆட்டம் இல்லை.

2004-இல் கலிபோர்னியாவின் போமோனாவில் நடந்த ஈவோ என்ற சண்டை கேம் போட்டியில் ஜப்பானிய ஆட்டக்காரர் டைகோ உமேஹாரா இதே கென்னை வைத்து, ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3 தேர்ட் ஸ்ட்ரைக்கில், ஜஸ்டின் வாங்கின் சுன்-லி போட்ட சூப்பரின் ஒவ்வொரு உதையையும் பாரி செய்ததை நீ பலமுறை பார்த்திருப்பாய். ஒரு உதையைத் தடுத்திருந்தாலே உயிர் போயிருக்கும் நிலை. அதை ரிஃப்ளெக்ஸ் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்த சூப்பர் திரையில் மின்னிய பிறகு பாரிக்காக முன்னே தட்டினால் முதல் உதைக்கே நேரம் தாண்டிவிடும். வாங் அதைப் போடுவார் என்று ஊகித்து முன்கூட்டியே தட்டியிருக்க வேண்டும், மீதி உதைகளின் தாளம் கையில் முன்பே இருந்திருக்க வேண்டும். 2023 ஈவோவில் 7000-க்கு மேற்பட்டோர் மோதிய ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ஐ ஐக்கிய அரபு அமீரகத்தின் ஆங்க்ரிபேர்ட் கென்னோடுதான் வென்றார். அவருடைய ஆட்டத்தைப் பார்க்கும்போது காம்போ ஓடும் நேரத்தில் கண்ணை விலக்கிக்கொள், அவர் விழுந்து எழும் நேரங்களை மட்டும் பார்.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. கைப்பிடியே போதும், பட்டன்கள் மட்டுமே உள்ள லெவர்லெஸ் கருவி வாங்க அவசரம் வேண்டாம். கம்பி வழியாக இணை, டிவியில் ஆடினால் கேம் மோடு போடு, வைஃபையை விட்டுவிட்டு லேன் கேபிள் இழு. எதிராளி வைஃபையில் இருப்பது அடையாளத்தில் தெரிந்தால் ஆட்டத்தை மறுக்கத் தயங்காதே, துள்ளும் இணைப்பில் தாமதித்து உடைப்பதைக் கற்கவே முடியாது.

இரண்டு வாரம் கழித்து மறுபடி ரீப்ளே அனுப்பு. தோற்றவற்றை மட்டும். ஒவ்வொன்றிலும் நீ முதல்முறை பர்ன்அவுட் ஆன வினாடியையும், மூலையில் எழுந்தபோது என்ன தேர்ந்தெடுத்தாய் என்பதையும் எழுதி அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்